தை மாதத்தில் ஒரு மார்கழி பஜனை

உறைபனியில் நடந்தால் புல் செத்துப்போகும் என்பது பதினொரு வயதில் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நடந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்குக் கோயிலில் உளுந்து வடை.

எங்கள் தோட்டம் அக்கரப்பத்தனைக்கு மேலே, பஸ் மூச்சு வாங்கித் திரும்பும் கடைசி வளைவுக்கும் மேலே இருக்கிறது. அதன் உச்சியில், தேயிலை முடிகிற இடத்தில், ஒன்பது குழிகள் கொண்ட சின்ன கோல்ப் மைதானம் ஒன்று. வெள்ளைக்காரத் துரைமார் வெட்டியது. அவர்கள் போனார்கள், அவர்களுக்குப் பின் வந்தவர்களும் போனார்கள், என் சிறுவயதில் கொழும்பிலிருந்து சனி ஞாயிறுகளில் வேன்களில் வருபவர்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மைதானத்துக்குக் கீழே எங்கள் லயங்கள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். மைதானத்துக்கு அந்தப் பக்கம் கோயில், பள்ளிக்கூடம், மெயின் ரோடு. இடையில் மைதானத்தின் ஓரமாகவே போகும் ஒற்றையடிப் பாதை, அதன் முடிவில் ஓர் இரும்புக் கேட். அந்தக் கேட்டை யாரும் எங்களுக்கென்று திறந்துவிட்டதில்லை. யாரும் பூட்டியதும் இல்லை. எங்கள் உரிமை அவ்வளவுதான்.

மைதானத்தின் புல்லுக்கு ராஜா என் மாமா. அம்மாவின் தம்பி, அப்பா கொழும்பில் கடை வேலைக்குப் போனதிலிருந்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவிலேயே எங்களோடு இருந்தார். ராஜா என்றாலும் படை கிடையாது. அவரும் ஒரு பழைய புல்வெட்டும் மெஷினும்தான். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் வட்டமாக, ஒட்ட வெட்டிய மெல்லிய புல்தரை இருக்கும். அதற்குப் பெயர் கிரீன். மற்ற இடத்துப் புல்லை யாரும் மிதிக்கலாம், மாடுகூட மேயலாம். கிரீன் மட்டும் அப்படியில்லை. "அது புல்லு இல்லடி, பச்சப்புள்ள" என்பார் மாமா. அதிலும் ஒன்பதாம் கிரீன், கிளப் கட்டிடத்தின் கண்ணாடி ஜன்னல்களுக்கு நேர் எதிரே இருப்பது, பணக்கார வீட்டுக் கடைக்குட்டி மாதிரி. அதற்கு ஒரு தும்மல் வந்தாலும் மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மார்கழி பிறந்தால் மாமாவின் குணமே மாறிவிடும். மெஷினின் கத்தியை உயர்த்திவைத்து, புல்லைக் கொஞ்சம் நீளமாக விடுவார். குளிருக்கு அதுவும் போர்த்திக்கொள்ள வேண்டாமா என்பார். சைப்ரஸ் மரங்களிலிருந்து உதிரும் சருகு ஒருநாள் கிரீனில் கிடந்தாலும் அடியில் புல் மஞ்சளாகிவிடும் என்று காலையும் மாலையும் கூட்டுவார். அந்த வருடம் ஒன்பதாம் கிரீனுக்குக் கிழக்கே வரிசையாக நின்ற சைப்ரஸ்களில் ஏறி, கீழ்க் கிளைகளை எல்லாம் கழித்துவிட்டார். காற்றும் காலை வெயிலும் உள்ளே வந்தால்தான் ஈரம் காயுமாம். விடியற்காலையில் நீள மூங்கில் கழியைப் புல்லின் மேல் வீசி வீசிப் பனித்துளியைத் தட்டிவிடுவார். தன் அக்காள் மகளின் மூக்கைத் துடைக்காதவர், புல்லுக்குத் துடைத்துவிடுகிறார் என்று அம்மா சொல்வாள்.

மார்கழியில் எங்களுக்கும் வேலை இருந்தது. பஜனை. விடியுமுன் எழுந்து, குளித்து, திருநீறு பூசி, லயம் லயமாகப் பாடிக்கொண்டே போய்க் கோயிலில் முடிக்க வேண்டும். இருபது பேர் இருந்தோம். தொண்டை பெரிது என்பதால் நான்தான் தலைவி. ஜால்ரா என் கையில். எனக்கு அடுத்த பெரிய தொண்டை ஸ்டெல்லாவுடையது. அவள் மாதா கோயில் பிள்ளை. கேட்டால், "எங்க கரோல் எல்லாம் டிசம்பரோட முடிஞ்சிருச்சு, என் தொண்டை இப்ப சும்மாதானே கெடக்கு" என்பாள். அவளுடைய அம்மாவுக்கும் ஆட்சேபணை இல்லை. பொங்கலோ சுண்டலோ வாங்கி வந்தால் சரி.

எங்கள் பஜனைக்கு ஒரு சட்டம் உண்டு. வெறுங்காலோடு போக வேண்டும். அந்தக் குளிரில் வெறுங்கால் என்றால் நடக்க முடியாது, ஓடத்தான் முடியும். அதனால் எங்கள் பக்தியில் எப்போதும் ஒரு வேகம் இருந்தது.

மார்கழி முடிய மூன்று நாள் இருந்தபோதுதான் அந்த உளுந்து வடை. யாரோ கொழும்பிலிருந்து வந்தவர்களின் உபயம் என்று பூசாரி முந்திய நாளே சொல்லிவிட்டார். ஆனால் மேல்பிரிவுத் தோட்டத்திலிருந்தும் ஒரு பஜனைக் கோஷ்டி வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். கேட்டுக்குப் போகும் பாதை ஒன்பதாம் கிரீனைச் சுற்றி வளைந்து போகும். மங்கலான வெளிச்சத்தில் மைதானம் முழுக்க வெள்ளையாக, யாரோ மாவு சலித்துக் கொட்டியதுபோல் கிடந்தது. எதிர்ப்பக்கச் சரிவிலிருந்து மேல்பிரிவுக்காரர்களின் ஜால்ரா கேட்டது. நான் ஒரு கணம்தான் யோசித்தேன். கிரீனுக்குக் குறுக்கே ஓடினேன். நடுவில் நின்று திரும்பி, "வாங்கடி, வாங்கடா, சீக்கிரம்!" என்று குதித்தேன். இருபது பேரும் என் பின்னால் ஓடிவந்தார்கள். காலடியில் நொறுக் நொறுக்கென்று அப்பளம் உடைவதுபோல் சத்தம் வந்தது. எவ்வளவு இனிமையான சத்தம்! ஆளுக்கு இரண்டு வடை கிடைத்தது.

ஏழரை மணிக்கு யூனிபோர்மோடு அதே பாதையில் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தேன். வெயில் ஏறியிருந்தது. பனி போய்விட்டது. ஒன்பதாம் கிரீனில் எங்கள் கால்கள் மட்டும் போகவில்லை. கரியை மிதித்துவிட்டு ஓடியதுபோல் கறுப்பாக, வரிசையாக, அடிமேல் அடியாக அப்படியே இருந்தன. சிலவற்றில் விரல்கள்கூடத் தெரிந்தன. உறைந்து விறைத்த புல்லை மிதித்தால் உள்ளே உடைந்துவிடும், வெயில் பட்டதும் கறுத்துவிடும் என்பதை நான் அப்போதுதான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கிரீனின் ஓரத்தில் கிளப் செக்ரட்டரி நின்றிருந்தார். வயதான சிங்களவர்; காலுறையை முழங்கால்வரை இழுத்துப் போடுபவர்; லயத்தில் எல்லோரும் அவரைச் செக்ரட்டரித் தொரை என்பார்கள். அவர் எதிரில் மாமா, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. இருவரும் சிங்களத்தில் பேசினார்கள். அந்த அளவு சிங்களம் எங்களுக்கும் புரியும். பாதையில் நின்று கேட்டோம்.

"யார் இது?" என்று கேட்டார் துரை.

"நான்தான் சார்" என்றார் மாமா.

"நீ?"

"சருகு கூட்ட வந்தேன் சார். இருட்டுல தெரியல."

துரை மாமாவின் பூட்ஸைப் பார்த்தார். பெரிய, சேறு படிந்த, ஒன்பதாம் நம்பர் பூட்ஸ். பிறகு குனிந்து ஓர் அடித்தடத்தைப் பார்த்தார்.

"பூட்ஸ் இல்லாமலா?"

"கழட்டி வச்சுட்டேன் சார். புல்லுக்கு நோவக் கூடாதுன்னு."

"இத்தனை தடவையா?"

"குளிருக்கு ஓடினேன் சார். அங்கயும் இங்கயும்."

துரை அடுத்த தடத்தையும் குனிந்து பார்த்தார். ஸ்டெல்லா என் கையைப் பிடித்து நசுக்கினாள். கடைசியில் அவர் சொன்னார்: தை கடைசியில் வருடாந்தப் போட்டி இருக்கிறது, கொழும்பிலிருந்து எல்லோரும் வருவார்கள், அன்றைக்கு இந்த கிரீனில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தாலும் நீ தேயிலை மலைக்கே திரும்பிப் போகலாம், நான் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு ஒரே ஆச்சரியம். இவ்வளவு படித்தவர், கண்ணாடி போட்டவர், ஒரு காலின் அளவு தெரியாமல் இப்படி ஏமாறுவாரா? துரைமாரைப் பற்றி எனக்கிருந்த மதிப்பு அன்றைக்குப் பாதியாகக் குறைந்தது.

சாயந்திரம் வரை என்னால் தாங்க முடியவில்லை. மாமா வந்து பூட்ஸைக் கழற்றுமுன்பே சொல்லிவிட்டேன்.

"மாமா, அது நாங்க."

"தெரியும்டி. ஒங்காலு எனக்குத் தெரியாதா? ரெண்டாவது வெரலு கட்டை வெரலவிட நீட்டம்."

"அப்பறம் ஏன் நீங்கன்னு சொன்னீங்க? நான் போயி தொரைகிட்ட உண்மையச் சொல்றேன்."

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். கொழுந்துக் கூடையின் கயிறு பதிந்த நெற்றி இன்னும் சிவந்திருந்தது.

"சொல்லு. நல்லா சொல்லு. லயத்துப் புள்ளைங்க ராத்திரியோட ராத்திரியா கிரீன்ல ஓடுதுன்னு சொல்லு. நாளைக்கே கேட்டுக்குப் பூட்டு விழும். பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு கட்டை தூரம் சுத்திப் போவியா? மாசமா இருக்கற பொம்பளைங்க கிளினிக்குக்கு எப்படிப் போவாங்க? சொமையத் தூக்கிட்டு யாரு சுத்துவா? ஒன் வடைக்கு ஊரே சுத்தணுமா?"

"அக்கா, விடு" என்றார் மாமா. "புல்லு வந்துரும்."

"வரலன்னா?"

"வரலன்னா நானும் ஒங்கூடக் கொழுந்தெடுக்க வர்றேன். கூடையத் தேடி வை."

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஆறு வருடம் தேயிலை மலையில் முள்ளுக்குத்தி மண் கிளறி, மருந்தடித்து, இருமல் வாங்கிய பிறகு அவருக்குக் கிடைத்த வேலை இது. அந்த ராத்திரி நான் ஒரு முடிவுக்கு வந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்றால் சரி. கையைத் திறக்கலாம் அல்லவா?

முதல் பத்து நாட்கள் எதுவும் செய்ய முடியாது, பொறுக்க வேண்டும் என்றார் மாமா. வேர் உயிரோடிருந்தால் புல் தானாக வரும். பாதைப் பக்கம் இருந்த தடங்கள் மெல்ல மெல்லப் பச்சை கட்டின. நடுவில் மட்டும் வரவில்லை. நான் நின்று குதித்த இடம் அது. மாமா, குழி வெட்டும் கருவியால் அந்தச் செத்த புல்லை வட்ட வட்டமாக மண்ணோடு எடுத்துவிட்டு, கிளப்புக்குப் பின்னால் தான் வளர்த்த நாற்றுப் பாத்தியிலிருந்து அதே அளவு வட்டங்களை வெட்டிவந்து பொருத்தினார். கிழிந்த பாவாடைக்கு ஒட்டுப் போடுவதுபோல் அவ்வளவு நுணுக்கமாக. உள்ளங்கையால் அழுத்தி, கன்னத்தைத் தரையோடு வைத்து மேடு பள்ளம் பார்த்தார்.

"இது வேரு புடிக்கற வரைக்கும் இன்னொரு உறைபனி தாங்காது" என்றார். "விழுந்துச்சுன்னா கதை முடிஞ்சது."

"தடுக்க முடியாதா?"

"வெயில் படுறதுக்கு மொத தண்ணி ஊத்திப் பனியக் கழுவிட்டாப் போதும். ஆனா பனி விழுற அன்னைக்குக் குழாயும் உறைஞ்சு போவுதே. வெயில் வந்து குழாய் எளகறதுக்குள்ள புல்லு வெந்துரும்."

எனக்கு ஓடை ஞாபகம் வந்தது. கிரீனுக்குப் பின்னால் நாற்பது எட்டுத் தூரத்தில் ஓடுவது. எவ்வளவு குளிரிலும் அதன் மேல் ஆவி பறக்கும். கை வைத்தால் வெந்நீர் மாதிரி இருக்கும்.

"ஓடை உறையறதில்லையே மாமா?"

"ஓடையத் தூக்கிட்டு வர ஆளு?"

"இருபது பேர் இருக்கோம். ஜால்ராவோட."

மாமா என்னைப் பார்த்தார். "போடி வாயாடி" என்றார். ஆனால் மறுநாள் கிளப் சாமான் அறையிலிருந்து இரண்டு பூவாளி கொண்டுவந்து கதவோரம் வைத்திருந்தார்.

சிக்கல் என்னவென்றால், மார்கழி முடிந்துவிட்டது. பொங்கலும் வந்து போய்விட்டது. விடியுமுன் எழுந்திருக்க யாருக்கும் காரணம் இல்லை. முக்கியமாக, கோயிலில் பிரசாதம் இல்லை. முதல் நாள் கூப்பிட்டபோது என்னோடு வந்தது ஸ்டெல்லா ஒருத்திதான். அவளும், "வடை இல்லாம இவங்க வரமாட்டாங்கடி. இது பக்தி இல்ல, பசி" என்றாள். நான் நேரே பூசாரியிடம் போனேன்.

"பஜனைய இந்த மாசமும் பாடப்போறோங்க."

"தை மாசத்துல என்னம்மா மார்கழி பஜனை?"

"நேர்த்திக்கடனுங்க."

"என்ன நேர்த்தி?"

"சொன்னா பலிக்காதுங்க."

பூசாரி உருகிவிட்டார். மறுநாளிலிருந்து கடலைச் சுண்டல் அவித்தார். தை பிறந்தும் பஜனை பாடுகிற ஒரே தோட்டம் நம்முடையதுதான் என்று பக்கத்துத் தோட்டங்களிலெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். மேல்பிரிவுக் கோஷ்டி பொறாமையில் வெந்தது. இருபது பேரும் திரும்பி வந்தார்கள்.

மாமா ஒரு சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி வாசலில் வைப்பார். விடியுமுன் அதில் கண்ணாடி மாதிரி ஏடு கட்டியிருந்தால் அன்றைக்கு உறைபனி. கட்டவில்லை என்றால் நேரே கோயிலுக்குப் போகலாம். ஏடு கட்டிய நாட்களில் நாங்கள் அதை உடைத்துச் சீனி தொட்டுத் தின்றுவிட்டு, வீட்டிலிருந்த வாளி, கேத்தல், பெரிய போத்தல், குழந்தை குளிப்பாட்டும் பேசின் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போவோம். ஒருநாள் அம்மா தேநீர் போடக் கேத்தலைத் தேடினாள். என் கையில் அது இருப்பதைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் உள்ளே போய்ப் பெரிய வாளியையும் எடுத்துவந்து கொடுத்தாள்.

ஓடையிலிருந்து கிரீன் வரை வரிசையாக நிற்போம். தண்ணீர் கைமாறிக் கைமாறி வரும். கிரீனில் ஊற்றுவது மாமாவும் நானும் மட்டும். அதற்கு ஒரு கணக்கு இருந்தது. முன்கூட்டியே ஊற்றினால் அந்தத் தண்ணீரும் உறைந்துவிடும். பிந்தினால் வெயில் முந்திவிடும். மேற்கே இருக்கிற மலையின் உச்சியில் முதல் வெளிச்சம் படும்போது தொடங்க வேண்டும். அந்த மஞ்சள் கோடு மலையில் மெல்ல இறங்கி, தேயிலையைத் தாண்டி, எங்களிடம் வந்து சேர்வதற்குள் முடிக்க வேண்டும். பனி இருக்கிற புல்லில் கால் வைக்கவே கூடாது. ஓரத்திலிருந்து ஊற்றி, கரைந்த இடத்தில் மட்டும் கால் வைத்து, இன்னும் ஓர் அடி உள்ளே ஊற்றி, இன்னும் ஓர் அடி. வெள்ளைத் துணியைச் சுருட்டிக்கொண்டே போவதுபோல் இருக்கும். சுருட்டச் சுருட்ட அடியிலிருந்து பச்சை வரும்.

பேசக் கூடாது என்று மாமா சொல்லியிருந்தார். ஆனால் பாடாவிட்டால் கை விறைத்துவிடுகிறது என்று ஸ்டெல்லா முனகத் தொடங்குவாள். ஒரு முனகல் வரிசையில் கடைசிவரை போய்ச் சேரும்போது முழுப் பாட்டாகிவிடும். துரை குடியிருந்தது கிளப்பின் மேல்மாடியில். அவருக்குக் காது கேட்காது என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம். கண்தான் முன்பே மந்தமாயிற்றே.

இப்படி எட்டு விடியல் போனது. ஒட்டுப் போட்ட வட்டங்களின் ஓரக் கோடு மங்கத் தொடங்கியது. போட்டி நாளும் வந்தது.

அன்றைக்குத் தட்டில் ஏடு இல்லை. தண்ணீரே முழுக்கக் கட்டியாகிவிட்டிருந்தது. தட்டைக் கவிழ்த்தால் வட்டமான பனிக்கட்டி தொப்பென்று விழுந்தது. மாமாவின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மைதானம், தேயிலை, லயத்துக் கூரை எல்லாம் வெள்ளை. கிளப் வாசலில் கொழும்பு வேன்கள் வரிசையாக நின்றன, அவற்றின் கண்ணாடிகளும் வெள்ளை. எட்டு மணிக்கு முதல் ஆட்டம்.

மலையுச்சியில் மஞ்சள் பட்டது. தொடங்கினோம். வாளிகள் பறந்தன. பாதிக் கிரீன் பச்சையானபோது மாமா நிமிர்ந்து மலையைப் பார்த்து, "நேரம் இருக்கு, நேரம் இருக்கு" என்றார். அவர் மேற்கே பார்த்தார். நான் ஏனோ கிழக்கே பார்த்தேன். மார்கழியில் அவர் கீழ்க் கிளைகளைக் கழித்த சைப்ரஸ் வரிசை. மரங்களுக்கு அடியில், கிளைகள் இருந்த இடத்தில், வெறும் வெளி. தை ஓடியதில் சூரியன் எழும் இடமும் நகர்ந்திருந்ததால், அந்த வெளி வழியாக ஒரு கீற்று வெளிச்சம் தரையோடு தரையாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. மலைக் கோட்டுக்காகக் காத்திருக்காத குறுக்குவழி வெளிச்சம். அது வருகிற திசையில்தான் கிரீனின் நடுவில் ஒட்டுப் போட்ட வட்டங்கள் வெள்ளையாகக் கிடந்தன.

"மாமா, மரத்துக்கடியில!"

அவர் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். நான் நிற்கவில்லை.

"வரிசைய விடுங்க! எல்லாரும் இங்க வாங்க! ஊத்துன எடத்துல மட்டும் கால வைங்க! ஸ்டெல்லா, பேசினக் கொண்டா!"

ஒரு மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்று கூப்பிட்ட அதே தொண்டைதான். இருபது பேரும் ஓடிவந்தார்கள். இந்தமுறை பச்சையில் மட்டும் கால் வைத்து, ஒருவர் பின் ஒருவராக, கோலப்புள்ளிகளில் நடப்பதுபோல். நடுவைப் பார்த்து ஒரு பாதை கரைத்துக்கொண்டு போனோம். கேத்தல், போத்தல், வாளி. ஸ்டெல்லா பேசினைச் சரித்தாள். என் பூவாளியின் கடைசித் துளி கடைசி வட்டத்தில் விழுந்தபோது வெளிச்சம் என் பாதத்தைத் தொட்டது. சூடாக இருந்தது. கிரீன் முழுவதும் ஈரத்தில் மின்னியது. ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை.

நாங்கள் கத்திய கத்தலில் மைனாக்கள் பறந்தன. மாமா தொப்பியை வானத்தில் எறிந்தார். அது சைப்ரஸ் கிளையில் மாட்டிக்கொண்டது. மேல்மாடியில் ஒரு திரைச்சீலை ஆடியதைப் பார்த்தேன். காற்று என்று நினைத்தேன். அன்றைக்குக் காற்றே இல்லை.

போட்டி நடந்தது. பாதையில் நின்று பார்த்தோம். ஒன்பதாம் கிரீனில் பந்து பட்டுத் துணியில் உருளுவதுபோல் உருண்டது. கறுப்பு எங்கே, ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. ஒரு கொழும்பு அம்மா சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அதன் மேல் நடந்து பார்த்து, இந்த மலையில் இந்த மாதத்தில் இப்படிப் புல்லா என்று வியந்தார். கோப்பை கொடுக்கும்போது துரை மாமாவை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். நாங்கள் இன்னும் பலமாகத் தட்டினோம், ஜால்ராவோடு. மாமாவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தொப்பியும் மரத்தில் இருந்தது.

எல்லோரும் போன பிறகு துரை எங்கள் பக்கம் வந்தார். பாதையிலிருந்து உள்ளே வரச்சொல்லி ஆளுக்கொரு கேக் துண்டு கொடுத்தார். அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தார். ஒவ்வொருவர் காலையும் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார். என் இரண்டாவது விரலைப் பார்த்தார். உடைந்த தமிழில் கேட்டார்:

"பாப்பா, உங்க சைஸ் என்னா?"

"மூணு சார்!" என்று கத்தினேன்.

"மூணு" என்று தலையை ஆட்டினார். மாமாவின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில், "உனக்கு ஒன்பது, இல்லையா?" என்றார்.

மாமா தரையைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. துரை அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எங்களுக்குச் சப்பாத்து வரப்போகிறது! பாதையிலேயே ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் தனக்கு இரண்டரை என்று சொல்ல மறந்துவிட்டதாக அழுதாள். மூன்றே வந்தாலும் பஞ்சு வைத்துப் போடலாம் என்று சமாதானப்படுத்தினேன். அம்மாவிடம் சொன்னபோது அவள் மாமாவைப் பார்த்தாள். இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. பெரியவர்களுக்கு நம்பிக்கை குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை விடுமுறை வரைக்கும் காத்திருந்தோம். தினமும் காலையில், இன்னும் பூட்டு விழாத அந்த இரும்புக் கேட்டைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும்போதும், சாயந்திரம் அதையே தள்ளிக்கொண்டு திரும்பும்போதும், கிளப் வாசலில் ஏதாவது பெட்டி வந்து இறங்கியிருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்ப்போம். ஒன்றும் வரவில்லை. பெரிய மனுஷங்க எல்லாம் இப்படித்தான், கேக்க மட்டும் கேப்பாங்க, குடுக்க மாட்டாங்க என்றாள் ஸ்டெல்லா. ஆமாம் என்று சொல்லிவிட்டு, கேட்டை அறைந்து சாத்திவிட்டு நடந்தேன்.